தங்கராசாவின் இடது கையும் ஏ போட்டியின் கியர் லீவரும்

ஓட்டமாவடியில் கராஜ் நடத்தும் றிஸ்வி போன கிழமை எனக்கு வட்ஸ்அப்பில் கியர் லீவர் படங்களாக அனுப்பித் தள்ளிவிட்டான். நேர் லீவர், வளைந்த லீவர், தலையில் மண்டை ஓடு வைத்த லீவர், துப்பாக்கிப் பிடி மாதிரி ஒன்று. கடைசியில் ஒரு குரல் பதிவு: "பாஸ், பழைய கார் ஒண்டுக்கு ஓட்டோ கியர் போடுறன். தரையில வைக்கிற லீவருக்குள்ள எது நல்லம்?"

நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான். "ஓட்டப்போறது ஆரு?"

"அது ஏன் பாஸ்?" என்றான் றிஸ்வி.

இதற்கு மேல் குரல் பதிவில் பேசினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஹனீபா. ஏறாவூர். கராஜை மருமகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். கியர்பொக்ஸ் வேலையைத் தவிர உருப்படியாக வேறொன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒன்றைப் பற்றி என்னோடு வாதாட வருபவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். இப்போது வரும் கார்களில் கியருக்கு லீவரே கிடையாது. ரேடியோவில் சத்தம் கூட்டுகிற குமிழ் மாதிரி ஒன்றைத் திருகினால் கார் போகிறது. ஆகவே றிஸ்வியின் வயதுக்காரருக்கு லீவர் என்றால் ஒரு அலங்காரச் சாமான். நகை வாங்குகிற மாதிரி படம் பார்த்து வாங்குகிறார்கள்.

வாலிபத்தில் ஏறாவூரில் லொறி கராஜ் ஒன்றில் கிறீஸ் துடைத்தேன், பிறகு ஷார்ஜாவுக்குப் போனேன். அங்கே கிளச் இல்லாமல் தானாக மாறும் ஓட்டோ கியர்பொக்ஸ் மட்டும் திருத்தும் பட்டறை. வெயில், வேலை, வெள்ளிக்கிழமை பிரியாணி, அவ்வளவுதான் அந்த வருடங்கள். சொல்லவேண்டியது எங்கள் போர்மன் தோமஸ் சேட்டனைப் பற்றி.

சேட்டன் கேரளத்துக்காரர். அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பூட்டிக்கொண்டுதான் நிற்பார். ஒருநாளும் சத்தம் போட்டு ஏசியதில்லை. யாராவது பிழை விட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். துடைப்பு நீண்டுகொண்டே போனால் பட்டறையில் உள்ள எல்லா ஸ்பானரும் கீழே வைக்கப்படும். ஏசியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

லீவர் பொருத்தும் வேலைக்கு அவரிடம் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் லீவரையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் கேபிளைக் கழற்றிவிட்டுக் காருக்குக் கீழே படுக்கச் சொல்வார். கியர்பொக்ஸின் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் கை இருக்கும். அதை விரலால் அசைத்தால் ஒவ்வொரு இடத்திலும் கிளிக் என்று விழும். பார்க், ரிவேஸ், நியூற்றல், ட்றைவ், பிறகு இரண்டு, கடைசியாக லோ. எத்தனை கிளிக் என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்து, வாங்கிவந்த லீவரையும் அதேபோல அசைத்து எண்ணவேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் லீவர் எவ்வளவு அழகென்றாலும் திரும்பப் பெட்டிக்குள் போகும். ஒத்துப்போனால் இரண்டையும் நியூற்றலில் வைத்துக் கேபிளைப் பூட்டவேண்டும். பூட்டுகிற ஊசி விரலால் தள்ள வழுக்கிக்கொண்டு போகவேண்டும். சுத்தியலைத் தேடுகிறவனைக் கண்டால் கண்ணாடித் துடைப்பு ஆரம்பமாகிவிடும். கேபிள் புகைக்குழாயின் பக்கம் போகக்கூடாது, எங்கேயும் கூர்மையாக மடியக்கூடாது. பார்க்கிலும் நியூற்றலிலும் மட்டுமே எஞ்சின் ஸ்டார்ட் ஆகவேண்டும். மற்ற இடங்களில் திறப்பைத் திருப்பினால் ஊமையாக இருக்கவேண்டும்.

இவ்வளவும் யாரும் படிக்கக்கூடிய வேலை. சேட்டனின் தனி வேலை அதற்குப் பிறகு. காரின் சொந்தக்காரரை ஓட்டுகிற சீட்டில் இருத்திக் கண்ணை மூடச்சொல்வார். கையைச் சும்மா கீழே விடச்சொல்வார். கை விழுந்த இடத்தில் சோக்குக் கட்டியால் ஒரு வட்டம். "கை பறயட்டெ" என்பார். கை சொல்லட்டும் என்று அர்த்தம். ஒருமுறை ஒரு அரபி இளைஞன், ரேஸ் கார் மாதிரி லீவர் எட்ட இருக்கவேண்டும் என்று அடம்பிடித்தான். கண்ணை மூடி அவன் கையை விட்டால், அது அவனுடைய தொடைமேலேயே விழுந்தது. வெள்ளை அங்கியில் வெள்ளைச் சோக் தெரியவில்லை என்று சேட்டன் நீலச் சோக் எடுத்து வட்டம் போட்டார். அவன் சிரித்துவிட்டு அவர் சொன்ன இடத்துக்கே ஒத்துக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பிக் கராஜ் போட்டபோது இந்தப் பக்கத்தில் ஓட்டோ கியர் என்றாலே ஆட்கள் ஏதோ தீராத நோய் மாதிரிப் பார்த்தார்கள். எனக்கு வசதியாகப் போய்விட்டது. வாழைச்சேனையிலிருந்தும் கல்முனையிலிருந்தும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் கதைகளை விடுங்கள். என் தொழிலில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய வேலை கிரான் தங்கராசா அண்ணனின் ஏ போட்டி.

ஏ போட்டி என்றால் ஏ-40, அந்தக் காலத்தில் வாடகைக்கு ஓடிய ஹயர் கார். முன்னுக்குக் குண்டு மூக்கு, ஸ்டேரிங்குக்குக் கீழே கை நீட்டிப் போடுகிற கியர். தங்கராசா அண்ணனின் அப்பா அதைக் கிரானுக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஓடிக் குடும்பம் நடத்தியவர். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் ஓட்டினார். பிறகு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. பொய்க்காலால் கிளச் மிதிக்க முடியாது. கார் கொட்டிலுக்குள் போனது.

ஆனால் மனிதர் முடங்கவில்லை. நெல் வெட்டும் மெசினுக்குக் கிளச் கிடையாது, இடது கைப்பக்கம் இருக்கிற ஒரு லீவரால்தான் ஓட்டம். அதில் ஏறி வருடக்கணக்காக ஊர் வட்டையில் இருக்கிற வயல் எல்லாம் அவர்தான் வெட்டினார். அவ்வளவு பெரிய மெசினை ஓட்டுகிறவர், தெருவில் போவதென்றால் மற்றவனுடைய வாகனத்தில். ஒருநாள் முச்சக்கர வண்டி ஒன்றில் என் கராஜுக்கு வந்திறங்கினார்.

"பாஸ், கோயிலுக்கும் பின் சீட்டு, ஆஸ்பத்திரிக்கும் பின் சீட்டு. இப்பிடியே இருந்தா கடைசியா படுத்துக்கொண்டு போறதும் பின்னாலதான். அப்பாட காருக்கு ஓட்டோ கியர் போடேலுமா?"

"ஏலும் அண்ணன்," என்றேன். "போடுறதெண்டா சும்மா போடாம நல்லாப் போடுவம்."

பழைய காரின் உடம்பை வைத்துக்கொண்டு உள்ளே வலிய எஞ்சினும் கியர்பொக்ஸும் இறக்கி ஓடுவதை வெளிநாட்டில் ஹொட் ரொட் என்பார்கள். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் உடைந்த ஜப்பான் வாகனம் ஒன்றின் எஞ்சினும் ஓட்டோ கியர்பொக்ஸும் சோடியாகக் கிடைத்தன. காரின் தரையை வெட்டி, கியர்பொக்ஸுக்கு இடம் வர நடுமேட்டை உயர்த்தி, தாங்கிகள் அடித்து, பெரிய ரேடியேற்றர் வைத்து, பிரேக்கையும் மாற்றி முடிக்க நெல் விதைத்துக் கதிர் வரும் காலம் ஆகிவிட்டது. மிச்சம் லீவர்.

லீவரை அண்ணன் தானே தேர்ந்தெடுத்தார். அவருடைய மனைவி யோகம் அக்காவின் மருமகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. பளபளவென்ற நீட்டுக் கம்பி, தலையில் வெள்ளை உருண்டை, உருண்டையின் உச்சியில் ஒரு பொத்தான். பொத்தானை அமத்தினால்தான் நியூற்றலைத் தாண்டி ரிவேசுக்குப் போகும். கிளிக் எண்ணினேன், ஒத்துப்போனது. கேபிள் வழுக்கிக்கொண்டு பூட்டியது. அண்ணனைக் கண்ணை மூடி இருத்திக் கையை விடச்சொன்னேன், சோக் வட்டம் போட்டேன், அதே இடத்தில் லீவர். கராஜுக்கு முன்னால் ஒழுங்கைத் தெருவில் நான் பக்கத்தில் இருக்க ஓட்டிப் பார்த்தார், அழகாக ஓட்டினார். உருண்டையைத் தடவித் தடவிச் சிரித்தபடி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அடுத்தநாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஏ போட்டியின் பின்பக்கம் யோகம் அக்காவின் குசினிச் சுவருக்குள் இருக்கிறது. அண்ணன் நியூற்றலில் ஸ்டார்ட் பண்ணி, கேற்றுக்குப் போக நினைத்து லீவரை ஒரு கிளிக் முன்னுக்குத் தள்ளியிருக்கிறார். நெல் வெட்டும் மெசினில் முன்னுக்குத் தள்ளினால் முன்னுக்குப் போகும். ஓட்டோ கியரில் முன்னுக்குத் தள்ளினால் ரிவேஸ். கார் பின்னுக்குப் போகப் போக, முன்னுக்குப் போகட்டும் என்று இன்னும் பெற்றோலைக் கொடுத்திருக்கிறார். சுவரில் கல் பெயர்ந்து அடுப்பில் விழுந்து புட்டுப்பானை உடைந்து கிடந்தது. அக்கா தேங்காய் எடுக்க ஒரு எட்டு வெளியே வந்திருந்ததால் தப்பினா.

"பாஸ், உங்கட வேலையில நான் பிழை சொல்லல்ல," என்றா அக்கா. "இவருக்கு முன்னும் தெரியல்ல, பின்னும் தெரியல்ல. கொழும்பால ஒரு ஆள் கார் கேட்டுக்கொண்டிரிக்கார். வெள்ளாமை வெட்டி முடிய வரச்சொல்லிப் போட்டன். குடுத்திட்டு நிம்மதியா இருப்பம்."

அண்ணன் படியில் குந்தியிருந்தார். அவருக்குப் போகப்போவது ஒரு கார் இல்லை, தானாகப் போய்வருகிற உரிமை. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டார். "பாஸ், முன்னுக்குத் தள்ளினா முன்னுக்குப் போற மாதிரி மாத்தேலாதா?"

முடியும். லீவரின் அச்சுக்கு மறுபக்கத்தில் கேபிளைப் பூட்டினால் எல்லாம் தலைகீழாகும். அரைநாள் வேலை. "மாத்தமாட்டன் அண்ணன்," என்றேன். "நாளைக்கு உங்கட மகன் ஏறுவான். மறுகா டயர் மாத்துறவன் ஏறுவான். அவங்கட கை உலகத்துக் கை. உங்களக் காப்பாத்தப் போய் அவங்கள நான் சுவருக்குள்ள விடேலாது."

"அப்ப காரக் குடுக்கத்தானே வேணும்."

"வெட்டு முடியட்டும். அதுக்குள்ள ஒரு வழி பார்க்கிறன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழி ஒன்றும் கையில் இருக்கவில்லை. காரைக் கராஜுக்கு எடுத்து லீவரை மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன். ஒரு பிழையும் கிடையாது. பொத்தானை அமத்தாமல் தள்ளினால் நியூற்றலில் கட்டை மாதிரி நிற்கிறது. அப்படியானால் அண்ணனின் கையில் மட்டும் எப்படி ரிவேசுக்குப் போனது?

லீவரைப் பார்த்தது போதும், கையைப் பார்ப்போம் என்று கிரான் வட்டைக்குப் போனேன். நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. மெசினில் ஏறி அண்ணனுக்குப் பின்னால் நின்றேன். தூசி கண்ணுக்குள்ளும் மூக்குக்குள்ளும் போக, நான் அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெசின் லீவரின் தலையிலும் ஒரு உருண்டை. அவர் அதை விரலால் பிடிப்பதே இல்லை. உள்ளங்கையை உச்சியில் வைத்து அமத்தித் தள்ளுகிறார், அமத்தியபடியே இழுக்கிறார். வரம்பு வந்தால், ஆள் குறுக்கே வந்தால், பேச்சுக்கு நடுவில், எப்போதும் அமத்தல்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏ போட்டியின் பொத்தான் இருப்பது உருண்டையின் உச்சியில். அவருடைய உள்ளங்கை அங்கேதான் போய்க் குந்துகிறது. காவலுக்கு வைத்த பூட்டை அந்தக் கை தொட்டவுடனேயே திறந்துவிடுகிறது. உருண்டையைக் கண்டால் அந்தக் கைக்கு அது நெல் வெட்டும் மெசின்தான். எத்தனை தரம் வாயால் சொல்லிக்கொடுத்தாலும் கைக்குக் காது இல்லை.

பகல் சாப்பாட்டுக்கு இறங்கினோம். பக்கத்து வாய்க்காலில் தண்ணீர்ப் பம்பு ஒன்றை ஸ்டார்ட் பண்ண முடியாமல் ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் போய், பொய்க்கால் சறுக்காமல் வலது கையால் பம்பின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றின் குறுக்குப் பிடியை விரல்களால் சுற்றிப் பிடித்தார். ஒரே இழுவை. பம்பு ஓடத் தொடங்கியது.

நான் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே எழும்பிவிட்டேன். உருண்டையைக் கண்டால் தள்ளுகிற அதே கை, குறுக்குப் பிடியைக் கண்டால் இழுக்கிறது. இழுத்தால் ஓடும் என்பது அதற்கு ஏற்கெனவே தெரியும். ஓட்டோ கியரிலும் பார்க்கிலிருந்து பின்னுக்கு இழுத்தால்தான் ட்றைவ். கையைத் திருத்த வேண்டியதில்லை, பிடியை மாற்றினால் போதும்.

பஞ்சிகாவத்தைக்கு மறுபடியும் போனேன். கடைக்காரர்கள் பளபளப்பாக என்னென்னவோ காட்டினார்கள். எனக்கு வேண்டியது, குறுக்குப் பிடி உள்ளது, பிடிக்கு அடியில் விரலால் மேலே இழுக்கிற விசை உள்ளது, விசையை இழுக்காமல் நியூற்றலைத் தாண்டாதது, ஆறு இடம் உள்ளது. கடைசியில் ஒரு மூலையில் கிடைத்தது. கறுப்பு நிறம், கீறல் விழுந்தது, பார்வைக்கு ஒன்றுமே இல்லை. வைரம் கிடைத்தவன் மாதிரி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

"இது என்ன பாஸ், தண்ணிப் பம்புட பிடி மாதிரி?" என்று முகத்தைச் சுளித்தார் அண்ணன்.

"அதுக்குத்தான் அண்ணன்."

மறுபடியும் கிளிக் எண்ணிக்கை, நியூற்றல், கேபிள், விரலால் ஊசி. இந்தமுறை இன்னொன்றையும் கவனித்தேன். அவர் சீட்டிலிருந்து எழும்பும்போது லீவரைப் பிடித்துத்தான் எழும்புகிறார். ஆகவே பார்க்கில் போட்டு நிறுத்திவிட்டே எழும்ப வேண்டும் என்று சொன்னதோடு, அவருடைய பாரத்தைத் தாங்கத் தரைக்குக் கீழே தடித்த தகடு ஒன்றைப் போட்டு நான்கு போல்ட்டில் இறுக்கினேன். பொய்க்கால் பூட்டிய பக்கத்து முழங்கால் நடுமேட்டுப் பக்கம் சாய்வதால் லீவரைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தேன். பிறகு கண்ணை மூடி இருக்கச் சொன்னேன். கை போய்ப் பிடியில் விழுந்தது. விரல்கள் தாமாகச் சுற்றிக்கொண்டன. தோமஸ் சேட்டன் அங்கே நின்றிருந்தால் கண்ணாடியைத் தொட்டிருக்க மாட்டார்.

வெட்டு முடிந்த வயலில் ஓட்டப் பழகினார். தரை காய்ந்து பாறையாகக் கிடந்தது, முட்டினாலும் வைக்கோல்தான். விசையை இழு, பின்னுக்கு எடு, போ. ஒரு பிழை வரவில்லை. ஆனால் அக்கா வரம்பில்கூட வந்து நிற்கவில்லை. "வயல்ல ஆரும் ஓடலாம். கார் பரிசோதிக்கிற அரசாங்கத்து ஐயா பார்த்துச் சொல்லட்டும்," என்றா. கொழும்பு ஆளும் போன் பண்ணி, வாற கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

மாற்றிய காரையும், பொய்க்காலோடு ஓட்டுகிறவரையும் மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். வாவியோரம் ஒரு வெறும் நிலத்தில் பரிசோதனை. வந்தவர் சிங்களப் பெரியவர், தமிழ் நிதானமாகப் பேசுவார். குனிந்து கேபிளைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், லீவரை அசைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்துச் சீட்டில் ஏறினார். நானும் அக்காவும் மரத்தடியில் நின்றோம். அக்கா குடையைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தா.

கார் அடையாளத்துக்கு வைத்திருந்த பீப்பாய்களுக்கு இடையில் போனது, திரும்பியது, பின்னுக்கு வந்தது. எல்லாம் ஒழுங்கு. இன்னொரு சுற்று என்று கையைக் காட்டினார் பரிசோதகர். கார் வேகம் எடுத்த நேரம் பற்றைக்குள்ளிருந்து ஒரு ஆட்டுக் கூட்டம் குறுக்கே பாய்ந்தது. நான் தூரத்திலிருந்தே கண்டேன், பிரேக் மிதித்த உலுக்கலில் அண்ணனின் தோள் முன்னுக்குப் போனது. கை லீவரை முன்னுக்கு அடித்துத் தள்ளியது. பக்கத்தில் அக்கா "ஐயோ" என்று கண்ணை மூடினா.

லீவர் நியூற்றலில் போய் நின்றது. அதற்கு மேல் ஒரு நூல் அசையவில்லை. எஞ்சின் சும்மா உறுமியது, வலது கால் பிரேக்கில் இருந்தது, கார் ஆடுகளுக்கு இப்பால் நின்றது. கடைசிக் குட்டியும் ஆறுதலாகக் கடந்து போனது.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பரிசோதகர் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏன் ஐயா லீவர் முன்னுக்குத் தள்ளினீங்க?"

அண்ணன் வேர்வையைத் துடைத்தார். பொய் சொல்லவில்லை. "என்ட கை நெல்லு வெட்டுற மெசின்ட கை ஐயா. அவசரத்துக்குத் தள்ளிப் போட்டுது. லீவர் விடல்ல."

பரிசோதகர் விசையைத் தொடாமல் தானே ஒருமுறை தள்ளிப் பார்த்தார். இன்னொருமுறை பலமாகத் தள்ளினார். பிறகு என்னைப் பார்த்து, "இது நீங்கதான் போட்டதா?" என்றார்.

"ஓம் ஐயா," என்றேன். அந்த "ஓம்" வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

"நல்லது. ரெண்டும் பாஸ்," என்று சொல்லிவிட்டு இறங்கினார். காரையும் ஆளையும் சேர்த்துத்தான் சொன்னார். ஷார்ஜாவிலும் இங்கேயும் எத்தனையோ பெரிய கார்கள் என் கையால் ஓடியிருக்கின்றன. அன்றைக்குப் போல நான் நடந்ததில்லை. தரையில் கால் பட்டதாகவே நினைவில்லை.

கொழும்பு ஆளுக்கு அக்காவே போன் எடுத்து வரவேண்டாம் என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஆனாலும் காரில் ஏறவில்லை. களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குத்தான் முதன்முதலாக ஏறினா, அதுவும் நானும் வந்தால்தான் என்று நிபந்தனை போட்டு. நான் பின் சீட்டில். அக்கா முன்னால், கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தபடி. கல்லடிப் பாலத்தில் அண்ணன் கொஞ்சம் மிதித்தார். ஏ போட்டி உறுமிக்கொண்டு ஏறியதைப் பார்த்து மோட்டார் சைக்கிள் பையன்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். காத்தான்குடியில் ஒரு கடைக்காரர் எழும்பி நின்றே பார்த்தார்.

அவர்கள் கும்பிட்டுவிட்டு வரும்வரை நான் தேநீர்க் கடையில் இருந்தேன். திரும்பி வந்தபோது காருக்குப் பின்னால் சனம், கச்சான் கடலைக் கடை, பலூன்காரர், ஐஸ்பழ வண்டி. முன்னால் சுவர். பின்னுக்கு எடுத்துத்தான் வெளியே வரவேண்டும். எனக்கு மனம் கேட்கவில்லை. காருக்குப் பின்னால் போய் நின்று, சனத்தை விலக்கி, "வாங்க, வாங்க, கொஞ்சம் வலம்" என்று கையை ஆட்டத் தொடங்கினேன்.

அண்ணன் விசையை இழுத்தார், கிளிக் கேட்டது, கார் மெதுவாகப் பின்னுக்கு வந்தது. அக்கா திரும்பியே பார்க்கவில்லை. மடியில் கச்சான் பை. ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னலால் தலையை நீட்டினா.

"பாஸ், நீங்க வந்து ஏறுங்க. அவருக்குத் தெரியும்."